பின்னாலிருந்து கூப்பிட்டால் சகுனமா, பாடமா? யூத மரபு அன்றாடத்தை வாசிக்கும் விதம்

வெளியே கிளம்பும் நேரத்தில் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால், உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார். பூனை குறுக்கே போனால் போகிற காரியம் நடக்காது. இதே போன்ற பட்டியல் ஒன்று யூதர்களின் தல்மூத் என்ற பழைய பெருந்தொகுப்பிலும் இருக்கிறது: சாப்பிடும்போது வாயிலிருந்து அப்பம் விழுந்தது, கையிலிருந்த கோல் நழுவியது, பிள்ளை பின்னாலிருந்து கூப்பிட்டான், காகம் கத்தியது, மான் வழியை மறித்தது, வலப்பக்கம் பாம்பு, இடப்பக்கம் நரி. முதல் தடவை படித்தபோது, நம்ம ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய மாதிரி இருக்கிறதே என்று சிரித்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பட்டியல் அங்கே வந்த காரணம் வேறு. சகுனம் பார்க்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சரி, சகுனம் பார்ப்பது என்றால் எதெது என்ற கேள்விக்கு அவர்கள் கொடுத்த விடைதான் அது. செய்யக் கூடாதவற்றின் பட்டியல்.

இதிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. யூத ஆன்மிகம் என்றாலே நம்மிடையே இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழுகிறது. மணிக்கட்டில் சிவப்பு நூல், எழுத்துக்குள் ஒளிந்த எண், உலகையே இயக்கும் ரகசிய ஞானம் என்பது ஒன்று. அவர்களுக்கு எல்லாமே சட்டம்தான், உள்ளே பக்தியே கிடையாது என்ற தீர்ப்பு இன்னொன்று. இரண்டுமே அரைகுறைப் பேச்சு. சாப்பாடு, குளியல், தூக்கம், ரயில் என்று கண்ணில் படும் சாதாரண விஷயங்களிலிருந்து அந்த மரபு எப்படிப் பாடம் எடுக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இது புரியும்.

போகும் முன் மூன்று சொற்கள். தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். தமிழ் பைபிளில் ஆதியாகமம் முதல் உபாகமம் வரை உள்ளவை. ரபி என்பவர் அந்தச் சட்டத்தைக் கற்றுக் கற்பிக்கும் ஆசிரியர். பூசாரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தல்மூத் என்பது பல தலைமுறை ரபிகளின் விவாதங்கள் அடங்கிய பெருந்தொகுப்பு. பெரிதும் புழங்கும் தல்மூத் இன்றைய இராக் பகுதியில் உருவானது. இனி இந்தச் சொற்களை விளக்காமல் எழுதுகிறேன்.

சகுனம் வேறு, பாடம் வேறு

குறி கேட்பதையும் நாள் பார்ப்பதையும் லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரமும் உபாகமத்தின் 18ஆம் அதிகாரமும் விலக்குகின்றன. அப்படியானால் கண்ணில் படுகிற ஒவ்வொன்றிலும் கடவுளின் பாடம் இருக்கிறது என்று அதே யூதர்கள் சொல்வது எப்படிப் பொருந்தும்?

வானம் கறுத்துக்கொண்டு வருகிறது என்று வையுங்கள். ஆகா, இன்று எனக்கு நல்ல சேதி வரப்போகிறது என்று நினைத்தால் அது சகுனம். பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை, கொடியில் அவர்கள் துணி கிடக்கிறது என்று எழுந்து போய் எடுத்து உள்ளே போட்டால் அது வேறு வகை. சகுனம் எனக்கு என்ன நடக்கும் என்று கேட்கிறது. பாடம் நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறது. மேகம் என்னவோ ஒன்றுதான்.

தல்மூத்தின் அடித்தளமாக இருக்கும் மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு ஏறக்குறைய கி.பி. 200இல் முடிவடைந்தது. அதில் ஒரு சின்னக் காட்சி. ஒருவன் வெளியூர் போய்விட்டுத் திரும்புகிறான். ஊருக்குள் நுழையும்போதே அலறல் சத்தம் கேட்கிறது. "அது என் வீடாக இருக்கக் கூடாது" என்று வேண்டிக்கொள்கிறான். இது வீண் பிரார்த்தனை என்கிறது மிஷ்னா. நடந்தது நடந்துவிட்டது, எந்த வீடு என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. எனக்கு முதலில் இது கொஞ்சம் இரக்கமில்லாததாகப் பட்டது. பயத்தில் வாயில் வருகிற வார்த்தையைப் போய் வீண் என்பதா? அப்புறம் யோசித்தால், அந்த வேண்டுதலுக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது: என் வீடாக இல்லாவிட்டால் அடுத்தவன் வீடாக இருக்கட்டும். அலறல் கேட்டால் ஓடிப்போய் உதவலாம். கடந்துபோனதை மாற்றச் சொல்லிக் கேட்க முடியாது.

யூதர்களிடம் கண்ணேறு பயமே கிடையாது, தாயத்தே கிடையாது என்று நான் சொல்லவில்லை. எல்லா மக்களிடமும் இருப்பதுபோல அவர்களிடமும் உண்டு. தல்மூத்திலேயே கண்ணேறு பற்றிய பேச்சு வருகிறது. அன்றாடத்தில் பாடம் தேடுவது அதிலிருந்து பிரிந்த தனிப் பாதை என்பதுதான் இங்கே முக்கியம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நிகழ்வுகளை வைத்து எதிர்காலத்தைக் கணிப்பது அந்த மரபில் விலக்கப்பட்டது. நிகழ்வைப் பார்த்துத் தன் நடத்தையைத் திருத்திக்கொள்வது விரும்பப்படுவது.

"இதுக்கே இப்படின்னா..."

சரி, பாடம் எப்படிப் பிறக்கிறது? இதற்கு அவர்களிடம் ஒரு தர்க்கக் கருவி இருக்கிறது. பெயர் கல் வஹோமெர். லேசானதும் கனமானதும் என்று பொருள். பெயர்தான் புதிது, கருவி நமக்குப் பழகியது. "சைக்கிளையே இரண்டு பூட்டுப் போட்டு நிறுத்துகிறவர், வீட்டைத் திறந்துபோட்டுவிட்டா ஊருக்குப் போவார்?" என்று கேட்கிறோம் அல்லவா, அதேதான். சின்னதில் உண்மையாக இருந்தால் பெரியதில் எவ்வளவு உண்மையாக இருக்கும் என்று ஏறுவது. சட்ட விவாதங்களில் ரபிகள் ஓயாமல் இதைப் பயன்படுத்தினார்கள். அதே கருவியைத்தான் கிணற்றடிக்கும் குளியலறைக்கும் எடுத்துப் போனார்கள்.

ரபி அகிவாவின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரோமானிய ஆட்சிக்காலத்தில், 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புகழ்பெற்றிருந்தவர். நாற்பது வயது வரை எதுவும் படிக்காதவர் என்கிறது மரபு. ஒருநாள் கிணற்றடியில் நிற்கும்போது, அங்கிருந்த கல்லில் ஒரு குழி விழுந்திருப்பதைப் பார்க்கிறார். யார் குடைந்தது என்று கேட்கிறார். தினம் தினம் விழுகிற தண்ணீர்தான் என்கிறார்கள்.

நாமாக இருந்தால் "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்போம். நல்ல பழமொழிதான், ஆனால் அது கல்லோடு நின்றுவிடுகிறது. அகிவா ஒரு படி ஏறினார். மென்மையான தண்ணீர் கடினமான கல்லையே குடையுமானால், இரும்பு போன்ற தோராவின் சொற்கள் சதையாலும் ரத்தத்தாலும் ஆன என் இதயத்தைக் குடையாதா? கல் வஹோமெர். அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தன் மகனையும் அழைத்துக்கொண்டு சிறுபிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் ஆசிரியரிடம் போய் உட்கார்ந்தார். எழுத்துப் பலகையின் ஒரு முனையை அப்பா பிடித்துக்கொள்ள, மறுமுனையை மகன் பிடித்துக்கொள்ள, முதலெழுத்திலிருந்து தொடங்கினார்கள்.

அவருக்கு முன்னால் எருசலேமில் வாழ்ந்த ஹில்லெலைப் பற்றிய கதை இன்னும் சாதாரண இடத்தில் நடக்கிறது. பாடம் முடிந்து கிளம்பும் குருவிடம் மாணவர்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். கடவுள் கட்டளை ஒன்றை நிறைவேற்றப் போகிறேன் என்கிறார். என்ன கட்டளை? குளிக்கப் போகிறேன். குளிப்பது கட்டளையா என்று மாணவர்கள் முழிக்கிறார்கள். ஹில்லெல் விளக்குகிறார்: நாடகக் கொட்டகையிலும் பொது இடங்களிலும் அரசனின் சிலைகள் நிற்கின்றன. அவற்றைத் தேய்த்துக் கழுவ ஓர் ஆளை வைத்துச் சம்பளமும் மரியாதையும் கொடுக்கிறார்கள். கல்லில் செய்த அரசனின் உருவத்துக்கே இவ்வளவு என்றால், கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட இந்த உடம்புக்கு?

இதை வெறும் உவமை என்று ஒதுக்க முடியாது. உடம்பு கழுவுவது கட்டளைதான் என்று ஒரு சட்ட ஆசிரியர் வாதம் வைத்து நிறுவுகிறார்.

பூனையிடம் எதைக் கற்பது?

இங்கே ஒரு சிக்கல் வரும். உலகத்தில் எதைப் பார்த்தும் எதை வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாமே? தண்ணீர் கல்லைக் குடைவதைப் பார்த்து, விடாமல் நச்சரித்தால் காரியம் நடக்கும் என்றுகூட ஒருவர் கற்றுக்கொள்ளலாம்.

தல்மூத்தில் ரபி யோகனான் சொல்கிறார்: தோரா கொடுக்கப்படாமலே இருந்திருந்தால், அடக்கத்தைப் பூனையிடமும், திருடாமையை எறும்பிடமும், துணை மாறாத நேர்மையைப் புறாவிடமும் கற்றிருப்போம். பூனை தன் கழிவை மூடி மறைக்கிறது. எறும்பு இன்னொரு எறும்பின் தானியத்தைத் தொடாது என்பது அவர்கள் நம்பிக்கை. அழகான பேச்சு. ஆனால் வீட்டில் பால் காய்ச்சி வைத்துவிட்டு ஒரு நிமிடம் அசந்தவர்களுக்குத் தெரியும், பூனையிடம் கற்க வேறு கலைகளும் இருக்கின்றன. அடக்கத்தை எடுத்துக்கொள், திருட்டை விடு என்று சொல்லித்தருவது பூனையில்லை. அதைச் சொல்வது ஏற்கெனவே கையில் இருக்கும் நூல்.

இதுதான் இந்த முறையின் அச்சாணி. உலகம் எடுத்துக்காட்டு தருகிறது. எதற்கு எடுத்துக்காட்டு என்பதைத் தோரா தீர்மானிக்கிறது. அதனால்தான் யூத மரபில் பாடம் தேடுவது, படிப்பறிவில்லாத தூய உள்ளுணர்வாக ஒருபோதும் போற்றப்படவில்லை. அகிவாகூடக் கிணற்றைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்குத்தான் போனார்.

சுருக்கமாக: ஒரு காட்சி, அதிலிருந்து "இதற்கே இப்படி என்றால்" என்று ஏறும் ஒரு படி, ஏறும் திசையைக் காட்டும் நூல், கடைசியில் ஒரு செயல். நான்கில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் அழகான எண்ணமாக நின்றுவிடும்.

கோயில் போனது, மேசை வந்தது

இவ்வளவு அக்கறை அன்றாடத்தின் மேல் ஏன்? ஒரு காரணம் வரலாறு. கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். பலி, பீடம், குருமார் வழிபாடு எல்லாம் ஒரேயடியாக நின்றன. வழிபடும் இடமே இல்லாமல் போன மக்கள் என்ன செய்வார்கள்? தல்மூத்தின் பதில்: ஆலயம் இருந்த காலத்தில் பலிபீடம் மனிதனுக்குப் பாவநிவர்த்தி செய்தது, இப்போது அவன் சாப்பாட்டு மேசை செய்கிறது. அந்த மேசையில் ஏழை ஒருவர் வந்து உட்கார இடம் இருக்கவேண்டும் என்பதும் அதோடு சேர்ந்த கருத்து.

இன்றும் பல யூத வீடுகளில் அப்பத்தைப் பிட்டதும் உப்பில் தொட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். பலிகளோடு உப்புச் சேர்க்க வேண்டும் என்று லேவியராகமம் சொல்லியிருக்கிறது. பீடம் போய்விட்டது, உப்பு மட்டும் மேசைக்கு வந்து தங்கிவிட்டது.

பெராகா: கேட்டுவிட்டுப் பறிப்பது

அன்றாடத்தை அந்த மரபு கையாளும் முக்கியமான வழி பெராகா. ஒன்றை அனுபவிக்கும் முன்போ, பின்போ, ஒன்றைக் கண்டவுடனோ சொல்லும் குறுகிய வாழ்த்துரை அது. "எங்கள் கடவுளாகிய ஆண்டவரே, உலகின் அரசரே, நீர் போற்றப்பெறுக" என்று தொடங்கி, அந்தப் பொருளுக்கு ஏற்றபடி முடியும்.

சாமிக்கு நன்றி சொல்வதுதானே, எல்லா மதத்திலும் உண்டே என்று கடந்துபோய்விடக் கூடாது. உள்ளே ஓர் உரிமைக் கணக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை மரம் நிற்கிறது. வேலி வழியாகக் கையை விட்டுப் பறித்தால் திருட்டு. "அக்கா, ரெண்டு கொத்து எடுத்துக்கட்டுமா?" என்று குரல் கொடுத்துவிட்டுப் பறித்தால் அது நமக்குக் கொடுக்கப்பட்டது. இலை அதே இலை. நடுவில் இருப்பது ஒரு வாய்ச்சொல்.

தல்மூத் இதையே இரண்டு வசனங்களின் மோதலாக வைக்கிறது. பூமியும் அதன் நிறைவும் ஆண்டவருடையது என்கிறது பைபிளின் பாடல் நூலில் வரும் சங்கீதம் 24. பூமியை மனிதருக்குக் கொடுத்தார் என்கிறது சங்கீதம் 115. எது உண்மை? இரண்டும். முதல் வசனம் பெராகா சொல்வதற்கு முன், இரண்டாவது சொன்னபின். சொல்லாமல் சாப்பிடுகிறவன் ஆலயச் சொத்தை எடுத்துச் சொந்தத்துக்குப் பயன்படுத்தியவன் மாதிரி.

இப்போது வாழைப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் காய்ப்பதற்கு ஒரு பெராகா உண்டு, "மரத்தின் கனியைப் படைத்தவர்" என்று முடியும். நிலத்தில் விளையும் காய்கறிக்கு இன்னொன்று, "நிலத்தின் கனியைப் படைத்தவர்". வாழைக்கு எது? இரண்டாவது. குலை தள்ளியபின் வாழை நிற்காது, வெட்டிவிட்டுப் பக்கக்கன்றை வளர்க்கிறோம். ஆண்டுக்கு ஆண்டு நின்று காய்க்காதது அவர்கள் கணக்கில் மரமாகாது. வாழைப்பழத்தை வாயில் வைக்கும் முன், இது எதில் காய்த்தது, அது எப்படி வளரும் செடி என்று ஒரு யூதக் குழந்தை யோசித்தாக வேண்டும். ஆன்மிகப் பாடம் என்று யாரும் மேடை போட்டுச் சொல்லவில்லை. ஆனால் உரிப்பதற்கும் கடிப்பதற்கும் நடுவில் ஒரு செடி கண்முன் வந்துவிடுகிறது.

அப்பத்துக்கான பெராகா "நிலத்திலிருந்து அப்பத்தை விளைவிப்பவர்" என்று முடியும். நிலத்திலிருந்து வருவது கோதுமைதானே? பென் சோமா என்ற பழைய அறிஞர் ஒருமுறை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது தல்மூத்தில் இருக்கிறது. ஆதி மனிதன் ஒரு வாய் அப்பம் சாப்பிட என்ன பாடுபட்டிருப்பான்! உழுதான், விதைத்தான், அறுத்தான், கட்டினான், போரடித்தான், தூற்றினான், பொறுக்கினான், அரைத்தான், சலித்தான், பிசைந்தான், சுட்டான். நானோ எழுந்திருக்கிறேன், எல்லாம் தயாராக இருக்கிறது. பதினொரு வேலை, பதினொரு ஆள். கடவுளுக்குச் சொல்லும் வாழ்த்துக்குப் பின்னால் இவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்.

கழிப்பறைக்கும் ஒரு பெராகா உண்டு என்று சொன்னால் பலர் நெளிவார்கள். போய்விட்டு வந்து கை கழுவியபின் சொல்வது. மனிதனை ஞானத்தோடு படைத்து, துளைகளையும் குழாய்களையும் அவனுக்குள் வைத்தவரே, அவற்றில் ஒன்று திறந்துகொண்டாலோ ஒன்று அடைத்துக்கொண்டாலோ உம்முன் நிற்க முடியாதே என்று போகும். 4ஆம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த அபாயே என்பவரின் பெயரில் தல்மூத்தில் இது வருகிறது. கல்லடைப்போ மலச்சிக்கலோ வந்து அவதிப்பட்ட எவருக்கும் இதற்கு உரை தேவைப்படாது. எனக்குத் தெரிந்து உடம்பைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் பிரார்த்தனை வேறு இல்லை.

மின்னல், இடி, வானவில், வசந்தத்தில் முதலில் பூக்கும் பழமரம், புதுத் துணி என்று ஒவ்வொன்றுக்கும் சொல் இருக்கிறது. சாவுச் செய்தி கேட்டாலும் உண்டு: "உண்மையான நீதிபதி" என்று. நல்லதுக்கு வாழ்த்துவதுபோலக் கெட்டதுக்கும் வாழ்த்தக் கடமைப்பட்டிருக்கிறோம் என்கிறது மிஷ்னா. ஆனால் வாழ்த்தின் சொற்கள் வேறு. துக்கத்தைப் பார்த்து இதுவும் இனிமைதான் என்று நடிக்கச் சொல்லவில்லை.

ஒரு நாளைக்கு 100 பெராகா சொல்லவேண்டும் என்பது ரபி மெயிரின் கணக்கு. அன்றாடத் தொழுகையிலேயே பெரும்பகுதி வந்துவிடும். வாரத்தின் ஏழாம் நாளான ஓய்வுநாளில் தொழுகை வாசகம் சுருங்குவதால் எண்ணிக்கை குறையும். ஓர் அறிஞர் அதை ஈடுகட்டுவதற்காக வாசனைப் பொருட்களை முகர்ந்தும் தின்பண்டம் தின்றும் நூறை எட்டினாராம். பக்திக்காகப் பலகாரம் சாப்பிடும் இந்த வழி நம்மில் பலருக்கும் சம்மதமாகவே இருக்கும்.

நூறு தடவை சொன்னால் வாய் மட்டும் அசையாதா? அசையும். ரபிகளுக்கும் அது தெரியும். இங்கேதான் கவானா என்ற சொல் வருகிறது: செய்யும் செயலில் மனம் குவிந்திருப்பது. கவானா இல்லாமல் செய்த கட்டளை நிறைவேறியதாகுமா என்று தல்மூத்திலேயே வாதம் நடக்கிறது. சட்டம்தான், உள்ளே ஒன்றும் இல்லை என்பவர்கள் இந்த வாதத்தைப் படித்ததில்லை போலும்.

ஆக, பெராகா என்பது வேகத்தடை போன்றது. வண்டியை நிறுத்தாது, எங்கே போகிறோம் என்று ஒரு கணம் பார்க்க வைக்கும்.

வேலை என்றால் எது வேலை?

ஓய்வுநாள் பற்றி விரிவாக எழுத இங்கே இடமில்லை. ஒன்று மட்டும். வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை வேலை செய்யக் கூடாது. வேலை என்றால் உடல் களைப்பு என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் குழம்பும். கனமான நாற்காலியை வீட்டுக்குள் இழுத்துப் போடலாம். தீக்குச்சி உரசக் கூடாது. விலக்கப்பட்டவை மிஷ்னா பட்டியலிடும் 39 வகை ஆக்கச் செயல்கள். அந்தப் பட்டியலின் முதல் பதினொன்று எவை தெரியுமா? விதைப்பது, உழுவது, அறுப்பது தொடங்கிச் சுடுவது வரை. பென் சோமா எண்ணிய அதே அப்ப வேலைகள். ஆறு நாள் அந்தப் பதினொருவர் உழைப்பைச் சாப்பிடு, ஏழாவது நாள் உழுபவன் முதல் சுடுபவன் வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

ரயில், தந்தி, தொலைபேசி

இதுவரை சொன்னவை நேரமும் சொல்லும் குறிக்கப்பட்டவை. 18ஆம் நூற்றாண்டில் இன்றைய உக்ரைனின் மெஜிபிஷ் ஊரில் வாழ்ந்த பால் ஷேம் தோவ், 1760இல் இறந்தவர், இதைத் திறந்துவிட்டார். கண்ணில் படுவது, காதில் விழுவது எதுவானாலும் கடவுளுக்கு ஊழியம் செய்வதில் அது நமக்கொரு பாடம் என்பது அவர் வழியில் வந்தவர்களின் நிலைப்பாடு. அந்த இயக்கத்துக்கு ஹசிதிசம் என்று பெயர். பெரிய படிப்பில்லாத வண்டிக்காரரும் விறகுவெட்டியும் இதில் இடம் பெற்றார்கள்.

சதிகுரா ஊரின் ஹசிதிய குரு ஆபிரகாம் யாக்கோபைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்று. 1883இல் இறந்தவர் அவர். மனிதன் செய்த பொருட்களிலும் பாடம் உண்டு என்று அவர் சொல்ல, ஒருவர் ரயிலிலிருந்து என்ன கற்கலாம் என்று கேட்டார். ஒரு நொடியில் எல்லாவற்றையும் தவறவிடலாம் என்பதை. தந்தியிலிருந்து? ஒவ்வொரு சொல்லும் எண்ணப்பட்டுக் கட்டணம் போடப்படுகிறது என்பதை. தொலைபேசியிலிருந்து? இங்கே பேசுவது அங்கே கேட்கிறது என்பதை. கேட்டவர் கொஞ்சம் கிண்டலாகத்தான் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லோரும் இதைக் கொண்டாடவில்லை. லித்துவேனியாவின் பேரறிஞரான வில்னா காவோன் எலியா முன்னின்று, 1772இல் ஹசிதியர்களைச் சமூக விலக்கு செய்தார்கள். அரசியல், பழக்கவழக்கம் என்று காரணங்கள் பல. எல்லாவற்றிலும் கடவுள் என்று சொல்லிவிட்டால் புனிதமானதற்கும் சாதாரணமானதற்கும் நடுவில் இருக்கும் கோடு அழிந்துவிடுமே என்பது அவற்றில் ஒன்று. இது வெறும் பொறாமை இல்லை. பூனையிடம் எதைக் கற்பது என்ற அதே கேள்விதான் பெரிய வடிவில் திரும்பி வருகிறது.

அம்பு முதலில், வட்டம் பிறகு

அந்த முறையின் பலவீனத்தை அந்த மரபே நன்றாகச் சொல்லியிருக்கிறது. உவமைக் கதைக்கு அவர்கள் மாஷால் என்றும், அது எதைக் குறிக்கிறதோ அதற்கு நிம்ஷால் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். உவமைக்குப் பேர்போனவர் துப்னோ ஊர்ப் பிரசங்கியார் யாக்கோபு கிரான்ஸ் (1741–1804). எப்படி ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு கச்சிதமான உவமை கிடைக்கிறது என்று கேட்டபோது, அவர் இன்னொரு உவமையைச் சொன்னார். ஒரு சுவர் முழுக்க வட்டங்கள். ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் அம்பு. இவ்வளவு குறி தவறாமல் எய்தது யார் என்று விசாரித்தால் ஒரு சிறுவன். எப்படியடா என்று கேட்டால், முதலில் அம்பை எய்கிறேன், அப்புறம் அதைச் சுற்றி வட்டம் போடுகிறேன் என்றானாம். நானும் அப்படித்தான் என்றார் பிரசங்கியார்.

மெசூசாவை எடுத்துக்கொள்வோம். யூத வீடுகளின் வாசல் நிலையில் பதிக்கப்படும் சிறு பேழை. உள்ளே தோல்சுருளில் உபாகமத்தின் வசனங்கள். நிமிர்ந்து நிற்கவேண்டும் என்றார் 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி. படுத்திருக்கவேண்டும் என்றார் அவருடைய பேரன் ரபெனு தாம். ஐரோப்பிய வழி யூதர்கள் பலர் சாய்த்து வைக்கிறார்கள். குடும்பத்தில் விட்டுக்கொடுத்து வாழவேண்டும் என்பதற்குச் சாய்ந்த மெசூசாவே சாட்சி என்று பிரசங்கங்களில் கேட்கலாம். சட்டக் காரணம் அவ்வளவு காவியமாக இல்லை: இரண்டு கருத்தையும் ஓரளவு காப்பாற்றுவது. குடும்பப் பாடம் பின்னால் போட்ட வட்டம். ஆனால் தினமும் அந்த வாசலில் சண்டையோடு நுழைகிற இருவர் அதைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்தால் வட்டம் வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

எல்லா வட்டமும் அப்படியில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு நோய் வந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அவர் செய்த தவறுக்குத் தண்டனை என்று பாடம் சொல்கிறவர்கள் எந்த மதத்திலும் இருக்கிறார்கள். பிறர் துன்பத்திலிருந்து பிறருக்கே பாடம் எடுப்பது, தொடக்கத்தில் பார்த்த சகுனத்தின் மாறுவேடம்.

விரல் கணு வரை

அப்பம் சாப்பிடும் முன் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது யூதர்களின் கடமை. இதற்குக் குறைந்தபட்ச அளவு ஒரு சின்ன டம்ளர் தண்ணீர். நிறைய ஊற்றுவது சிறப்பு என்று மரபு சொல்கிறது. பக்தியுள்ளவர்கள் மணிக்கட்டு வரை தாராளமாக ஊற்றுவார்கள்.

19ஆம் நூற்றாண்டு லித்துவேனியாவில் இஸ்ரவேல் சலாந்தர் (1810–1883) என்ற ரபி இருந்தார். நடத்தையைத் திருத்திக்கொள்வதையே தனிப் படிப்பாக ஆக்கிய முசார் இயக்கத்தைத் தொடங்கியவர். ஒரு வீட்டில் அவர் விருந்துக்குப் போனபோது நடந்ததாக ஒரு கதை வழங்குகிறது. மற்றவர்கள் கை நிறைய நிறைய ஊற்றிக் கழுவினார்கள். அவர் மிகக் கொஞ்சமாக எடுத்து விரல்களின் கணு வரை மட்டும் நனைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய ரபி இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். அந்த வீட்டு வேலைக்காரப் பெண் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டு வருவதை அவர் பார்த்திருந்தார். இன்னொருவர் தோளில் ஏறி நின்று பக்தி காட்ட எனக்கு விருப்பமில்லை என்றார்.

கழுவாமல் அப்பத்தைத் தொட முடியாது, அது சட்டம். அதனால் கழுவினார். கணுவுக்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு குவளையும் அந்தப் பெண்ணுக்குக் கிணற்றடிக்கு இன்னொரு நடை.